வலது கையால் வந்த தேநீர்

பிஷ்கெக்கில் எங்கள் வடிவமைப்பு அலுவலகத்தில் பிற்பகல் தேநீர் வேளை. வெளியே கிடக்கும் பனியின் வெளிச்சம் ஜன்னல் வழியே மேசைகள்மேல் விழுகிறது. இருப்பவர்களில் இளையவளான பெகாய்ம்தான் ஊற்றுகிறாள். முதல் கிண்ணத்தை இடது கையால் நீட்டுகிறாள். "இடது கையாலயா குடுப்பாங்க? யாருடி உன்ன வளத்தது?" என்று சிரித்தபடியே குத்துகிறாள் துர்சுனாய் அக்கா. "மறந்துட்டேன்க்கா." பெகாய்ம், வலிக்காக வலது மணிக்கட்டில் சுற்றிய பட்டையைக் கம்பளிச்சட்டைக்குள் இழுத்துவிட்டுக்கொள்கிறாள். நாளெல்லாம் அந்த மணிக்கட்டு மேசை விளிம்பில் அழுந்திக் கிடக்க, மவுஸைத் திருப்பித் திருப்பிக் கோடு வரைகிறாள். முழங்கையைத் தாங்கலாக வைத்து, மொத்தக் கையையும் நகர்த்தச் சொன்னாராம் மருத்துவர். தாங்குவதற்குக் கை வைத்த நாற்காலி இந்த அறையில் ஒன்றுதான். அது அவளுடையது. முதுகுவலி என்று இரவல் வாங்கி அதில் உட்கார்ந்திருப்பவன் நான். வாங்கிய மறுநாளே வலி போய்விட்டது. என் கிண்ணத்தை அவள் வலது கையால் நீட்டுகிறாள். கிண்ணம் நடுங்கி, தேநீர் அவள் விரல்களில் வழிகிறது. "முதுகு தேவலையாண்ணே?" என்கிறாள். "எங்க, இன்னும் விடமாட்டேங்குது" என்கிறேன், நாற்காலிக் கையிலிருந்து முழங்கையை எடுக்காமலே கிண்ணத்தை வாங்கிக்கொண்டு.