உப்பளத்தில் ஒரு மழைப்பாட்டு

உப்பு வியாபாரி வீட்டில் மழையைக் கூப்பிட்டுப் பாடக்கூடாது. செல்லக்கனியோ கல்யாணமாகி வந்ததிலிருந்து, "கடல் தாண்டிப் போன கருத்த மேகமே, எப்ப வருவ?" என்றுதான் பாடுகிறாள்.

"ஏளா, யாரு அந்த மேகம்?" என்றான் புருஷன் இசக்கிராஜா.

"மேகம்தான். பாட்டுக்கும் பேரம் பேசுவீங்களோ?"

மாசியில் ஒருநாள் அது வந்தே விட்டது. அளத்தில் எல்லோரும் ஓலையைத் தூக்கிக்கொண்டு உப்புக் குவியல்களை மூட ஓடினார்கள். செல்லக்கனி மட்டும் முகத்தை நிமிர்த்தி வெட்டவெளியில் நின்றாள். இசக்கிராஜா தன் குவியலைத் தாண்டி ஓடிவந்து, ஓலையை அவள் தலைக்கு மேல் பிடித்தான்.

"அண்ணாச்சி, உப்பு கரையுது!" என்று அளத்து ஆள் ஒருவன் கத்தினான்.

"கரையட்டும்" என்றான். ஒரு துளிகூட அவளைத் தொட விடவில்லை.

செல்லக்கனி கையை மட்டும் ஓலைக்கு வெளியே நீட்டினாள்.