எதிர்வீட்டுக் கேரேஜ்

ஒஹாயோவில் எங்கள் தெரு வீடுகள் எல்லாம் ஒரே ஆண்டில் கட்டியவை. கேரேஜ் ரிமோட்டிலும் கதவைத் தூக்கும் மோட்டாரிலும் எட்டெட்டுச் சின்ன சுவிட்சுகள் உண்டு. இரண்டிலும் அவற்றை ஒரே மாதிரி தள்ளி வைத்திருந்தால் கதவு திறக்கும். எதிர்வீட்டு ரஸ்ஸின் மோட்டாரிலும் எங்கள் அமைப்பே இருந்ததால், நான் அழுத்தினால் இரண்டு கதவும் திறக்கும்.

“யோவ் கிரெக், என் குப்பையைத் தெருவுக்கே காட்டுறியே!” என்று கத்துவார் ரஸ். ஒரு சுவிட்சை மாற்றினால் தீர்ந்தது. இருவரும் மாற்றவில்லை.

போன மாதம் ரஸ் வீட்டை விற்றுவிட்டு ஃப்ளோரிடா போனார். வீடு காலி, மின்சாரத்தையும் துண்டித்துவிட்டார்கள். மின்சாரம் இல்லாமல் மோட்டார் ஓடாது.

நேற்று மாலை மகள் டெஸ்ஸாவைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்து, வாசலில் காரை நிறுத்தி ரிமோட்டை அழுத்தினேன்.

“அப்பா, ரஸ் மாமா வீடும் வாயைப் பிளந்துடுச்சு!” என்றாள் பின்சீட்டிலிருந்து.

பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். எதிர்க் கேரேஜுக்குள், நாங்கள் உட்கார்ந்திருந்த அதே நீலக் கார் நின்றது. அதன் பின்கதவைத் திறந்துகொண்டு டெஸ்ஸா இறங்கினாள்.

“சீக்கிரம் வாங்கப்பா, பசிக்குது!” என்று அந்தக் காரின் ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு, சுவரிலிருந்த பொத்தானை அழுத்தினாள். கதவு இறங்கி மூடியது.

திரும்பினேன். பின்சீட்டில் பெல்ட் மாட்டியபடியே இருந்தது. இருக்கையில் இன்னும் சூடு இருந்தது. டெஸ்ஸா இல்லை.

ரிமோட்டை மறுபடி மறுபடி அழுத்தினேன். எங்கள் கதவு மட்டும் இறங்கியது, ஏறியது, இறங்கியது.