நம்பர் பிளேட் இல்லாத மாப்பிள்ளை

முன்னாலும் நம்பர் இல்லை, பின்னாலும் இல்லை. வாசலில் நின்ற வண்டியை மணவாளன் இரண்டு தரம் சுற்றி வந்து பார்த்துவிட்டார்.

பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் வேனில் வந்து இறங்கி, உள்ளே கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை தமிழ்க்குமரன் மட்டும், முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க இடிக்க, வில்லியனூரிலிருந்து பண்டசோழநல்லூர் வரை இந்தக் குட்டி வண்டியிலேயே வந்திருந்தான். ஆறடி ஆளுக்கு இது என்ன கூத்து? ஒரே மகளைக் கொடுக்கப்போகிறவர், கேட்டேவிட்டார்.

"இன்னா தம்பி, வண்டிக்கு நம்பரே காணோம்?"

"பேட்டரி வண்டிங்க மாமா. இருநூத்தம்பது வாட்ஸ்தான், இருவத்தஞ்சுக்கு மேல போவாது. அதனால ரிஜிஸ்டர் பண்ண வேணாம், லைசன்ஸும் வேணாம். சட்டமே அப்டிதான்."

லைசன்ஸ் வேணாமா! மணவாளனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பயல் குடித்துவிட்டு ஓட்டி மாட்டியிருப்பான், லைசன்ஸைப் பிடுங்கியிருப்பார்கள். தரகர் நடேசன் அதை மறைத்து நம் தலையில் கட்டப் பார்க்கிறான்.

மனைவி தனக்கொடியைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"இந்த எடம் வேணாம்டி. பையன் குடிகாரன்."

"நல்லா இருக்கே! வண்டியப் பாத்தே கண்டுபுடிச்சீங்களா? போயி நேரா கேளுங்க."

கேட்டார். தமிழ்க்குமரன் பர்ஸிலிருந்து லைசன்ஸை எடுத்து நீட்டினான். பைக், கார் இரண்டுக்கும் சேர்த்து, இன்னும் பல வருடம் செல்லும். இப்போது சந்தேகம் இரட்டிப்பாகிவிட்டது.

"வூட்ல பைக் இருக்கா?"

"இருக்குங்க மாமா."

"கைல லைசன்ஸ், வூட்ல பைக். அப்புறம் எதுக்குய்யா இந்த பொம்ம வண்டி?"

தமிழ்க்குமரன் வண்டிச் சாவியை விரலில் சுற்றினான். காது மடல் சிவந்துவிட்டது. அவனுடைய அம்மா கேசரித் தட்டைக் கீழே வைத்தாள்.

"இதுக்கே பதில் வரல. இன்னாத்த மறைக்கிறீங்களோ, யாரு கண்டா? உங்கள நம்பி எப்டிங்க பொண்ணு குடுக்கிறது?" மணவாளன் கை கூப்பிவிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க, சம்மந்தம் வேணாம்."

வேன் டிரைவரைக் கூப்பிட யாரோ எழுந்தார்கள். அதுவரை குனிந்த தலை நிமிராமல் இருந்த மகள் செல்வகுமாரி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கூடத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"அவர ஒண்ணும் கேக்காதப்பா. அது எனக்கு வாங்குன வண்டி, போன மாசமே நான்தான் அவர வாங்கச் சொன்னேன். பொட்டப்புள்ளைக்கு எதுக்கு லைசன்ஸுன்னு நீதான எடுக்க வுடல!"