மக்குக்கு வந்த மவுசு

"எனக்கு இன்னைக்கே ஒரு மக்கு வேணும்!"

ஸ்டாஃப் ரூம் நடுவில் நின்று கணக்கு வாத்தியார் கத்தினார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் தேவை அதுதான்.

தலைமையாசிரியை தொடங்கி ஆசிரியர்கள் அத்தனை பேரும் டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ தயாரிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பாடம் நடத்தும் படம், வாங்கிய சான்றிதழ் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்ற வேண்டும். அதெல்லாம் சுளுவாக முடிந்தது. ஐந்தாவது கட்டம்தான் கழுத்தை அறுத்தது.

'பரீட்சையில் தோற்ற மாணவர் ஒருவர் உங்களால் தேறியதற்கு ஆதாரம். முன் வீடியோ ஒன்று, பின் வீடியோ ஒன்று.'

தோற்ற மாணவருக்கு எங்கே போவது? பள்ளியின் பெயர் கெடக்கூடாது என்று தலைமையாசிரியை மொத்தப் பள்ளியையும் காகிதத்தில் பாஸ் போட்டு வைத்திருந்தார். ஏழாம் வகுப்பில் ஒரே ஒரு பெண் மட்டும் தப்பித் தவறித் தோற்றவர் பட்டியலில் தங்கிவிட்டாள். எல்லாப் பாடத்திலும் பூஜ்யம். பட்டப்பெயர் முட்டை.

அவ்வளவுதான், முட்டைக்கு வந்தது மவுசு. போன மாதம் வரை அவள் எந்த பெஞ்சில் உட்கார்கிறாள் என்றுகூடத் தெரியாதவர்கள், இப்போது அவளைக் கண்டால் நாற்காலி போட்டார்கள். யாருக்கு என்றைக்கு முட்டை என்று சுவரில் ஓர் அட்டவணையே ஒட்டியிருந்தது.

"வியாழக்கிழமை என்னுது டீச்சர். நீங்க ரெண்டு நாளா அவளை வெச்சுக்கிட்டு விட மாட்டேங்கறீங்க," என்றார் வாத்தியார்.

"பின் வீடியோ இன்னும் முடியல சார்," என்றார் அறிவியல் டீச்சர். "இலை ஏன் பச்சையா இருக்குன்னு சொல்லிட்டா. ஆனா சொல்லும்போது முகத்துல ஒரு பிரகாசம் வர மாட்டேங்குது."

"பிரகாசம் வர்ற வரைக்கும் நீங்க சொல்லிக் குடுத்தா, எனக்கு என்ன மிஞ்சும்? கணக்கையும் சேர்த்துக் கத்துக்கிட்டுத்தான் எந்திரிப்பா!"

"வேற ஆள் பாருங்க."

"வேற ஆள் இருந்தா உங்ககிட்ட ஏன் தொங்கறேன்?"

அவர் கஷ்டம் அவருக்கு. ஆறு வருஷமாகத் தற்காலிக வேலை. தற்காலிக ஆட்களுக்கு மட்டும் இன்று நாலு மணி கெடு. அதற்குள் ஐந்தாவது கட்டம் நிரம்பினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். காலையில் மனைவி வேறு கேட்டாள். "ஊரெல்லாம் புடிக்குது, உங்களால ஒரு மக்குப் புள்ளையப் புடிக்க முடியலையா?"

ஒருவழியாக மூன்றேகாலுக்கு முட்டை கைக்கு வந்தாள்.

"உக்காரும்மா. தண்ணி வேணுமா? ஃபேன் போடட்டா?"

"வேணாம் சார். முதல்ல தப்பு, அப்புறம் சரி. அப்படித்தானே?"

அனுபவம் பேசியது. வாத்தியார் போனைப் புத்தகக் கட்டின்மேல் சாய்த்து வைத்தார்.

"ஏழெட்டு எவ்வளவு?"

முட்டை மோட்டுவளையைப் பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள். உதட்டைக் கடித்தாள்.

"ஐம்பத்தி... நாலு?"

கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்தது. இவ்வளவு அழகாக யாரும் தப்பு சொல்லி அவர் பார்த்ததில்லை. இன்னொன்று கேட்டார். அதையும் தப்பாகச் சொல்லி மூக்கை உறிஞ்சினாள்.

பத்து நிமிஷம் சொல்லிக் கொடுத்தார். பின் வீடியோவில் முட்டை சரியான விடைகளாகப் பொரிந்து தள்ளினாள். அறிவியல் டீச்சர் தேடிய பிரகாசம் கேட்காமலே வந்தது. மூன்று ஐம்பத்தைந்துக்கு வீடியோ ஏறி, ஐந்தாவது கட்டம் பச்சையானது. வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பியது.

பெஞ்சில் அவள் மறந்துவிட்டுப் போன நோட்டு கிடந்தது. கொடுத்துவிடலாம் என்று எடுத்தவர், சும்மா புரட்டினார்.

ஏழாம் வகுப்புக் கணக்கு முழுவதும் போட்டிருந்தது. எட்டாம் வகுப்புக் கணக்கும் பாதி. ஒன்றிலும் தப்பில்லை. கடைசிப் பக்கத்தில் குண்டு குண்டாக எழுதியிருந்தது:

'செவ்வாய், புதன் - அறிவியல் டீச்சர். இலை ஏன் பச்சைன்னு தெரியாது.

வியாழன் - கணக்கு சார். ஏழெட்டு தெரியாது. பாவம், சாருக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகலை. லேசா அழணும்.'

வாத்தியார் ஓட்டமும் நடையுமாக கேட்டுக்குப் போய் அவளைப் பிடித்தார்.

"உனக்கு எல்லாமே தெரியுமா?"

முட்டை தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியும் சார்."

"அப்புறம் எப்படி எல்லாத்துலயும் பூஜ்யம்?"

"பரீட்சை வாரம் பூரா எனக்குக் காய்ச்சல் சார். நான் வரவே இல்ல. ஏன் வரலைன்னு யாரும் கேக்கல."

வாத்தியாருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவரும்தானே கேட்கவில்லை.

"போதும்மா. நீ மக்கா நடிச்சது போதும். இப்பவே தலைமையாசிரியைகிட்டப் போய் நடந்ததைச் சொல்லி, அந்தப் பட்டியல்லேர்ந்து உன் பேரை எடுத்துடறேன்."

முட்டை பதறிப்போய் அவர் வழியை மறித்தாள்.

"ஐயோ, இன்னைக்கு வேணாம் சார்! நாளைக்குத்தான் அவங்க வீடியோ. என்னை விட்டா அவங்களுக்கு வேற யாரு சார் இருக்கா?"