மறுபடியும் செத்துட்டேன்

உள்ளே வெடிச்சத்தம். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நாத்தனார், ஒரு காலில் செருப்போடேயே வீட்டுக்குள் ஓடினாள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டிவியில்தான் சண்டை. தம்பி மனைவி சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையில் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு, யார் யாரையோ சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாய்வு நாற்காலியில் தம்பி. பக்கவாதம் வந்து, கால் ஓரளவு திரும்பி, பேச்சு மட்டும் திரும்பாத தம்பி.

"நல்லாருக்கும்மா, ரொம்ப நல்லாருக்கு" என்றாள் நாத்தனார்.

"வாங்க அண்ணி. ஒரு நிமிஷம். இந்த ஒரு அறையை மட்டும்... அடடா, செத்துட்டேன்."

"வியாதிக்காரன் இருக்கிற வீட்டுல வாயில வர்ற வார்த்தையைப் பாரு."

அவள் மறுபடியும் முதலிலிருந்து ஓடினாள். இடிந்த கட்டடம், புகை, எதிரே வருகிறவன் யார் என்று பார்ப்பதற்குள் குண்டு வந்துவிடுகிற வேகம். நாத்தனாருக்குத் தலை சுற்றியது.

ஆட்டம் தம்பியுடையது. நல்லா இருந்த காலத்தில் ஆபீஸ் விட்டு வந்ததும் அதில்தான் உட்காருவான். சாப்பிடும்போது அதன் கதையைச் சொல்லுவான். யார் யாரைக் காட்டிக்கொடுத்தான், தளபதி ஏன் ஓடிப்போனான் என்று விடாமல் சொல்லுவான். மனைவி துணி மடித்துக்கொண்டே "ம்" போடுவாள். அப்போதெல்லாம் ஏறெடுத்தும் பார்க்காதவளுக்கு இப்போது வந்திருக்கிறது ஆசை.

"பேச்சுப் பயிற்சிக்குப் படம் போட்ட அட்டை குடுத்தாங்களே, அது எங்க?"

"அலமாரில இருக்கு. காட்டினா மூஞ்சியைத் திருப்பிக்கிறார்."

"காட்டற விதமா காட்டணும்."

நாத்தனார் அட்டைகளை எடுத்து வந்து தம்பி முன்னால் உட்கார்ந்தாள். "இது என்னடா? சொல்லு பார்ப்போம். பூ... பூனை."

ஒரு ஆபீஸையே கட்டி மேய்த்தவன், பூனையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சின்னக் குழந்தைகிட்ட கேக்கற மாதிரி கேட்டா அவருக்குப் பிடிக்கல அண்ணி."

"பிடிக்கலன்னு விட்டுட முடியுமா? நாள் ஆக ஆக வராமலே போயிடலாம்னு டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும்தானே?"

"தெரியும்."

சொல்லிவிட்டு மறுபடியும் அதே அறைக்குள் ஓடினாள். அதே கதவு. கதவுக்குப் பின்னாலிருந்து அதே ஆள் சுட்டான்.

"செத்துட்டேன்."

இப்படியே நடந்தது. ஓடுவதும் சாவதுமாக அவளும் சளைக்கவில்லை, அந்த ஆளும் சளைக்கவில்லை. காபிகூட வேண்டாம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த நாத்தனாருக்கே பொறுக்கவில்லை.

"ஏம்மா, ஒரே இடத்துல எத்தனை தடவை சாவே? எனக்கே தெரியுது, அந்தக் கதவு..."

"நீங்க சொல்லாதீங்க. நானே கண்டுபிடிக்கிறேன்."

என்ன பிடிவாதம் பிடித்தவள் என்று நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். அவன் முகம் சிவந்திருந்தது. நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"அவனைப் பாரு. பிரஷர் ஏறுது. நிறுத்தப்போறியா இல்லையா?" என்று எழுந்துபோய் டிவி சுவிட்சில் கை வைத்தாள்.

"தொடாதீங்க அண்ணி."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் குரலை உயர்த்தி நாத்தனார் கேட்டதில்லை. கை அப்படியே நின்றது. அதற்குள் அவள் மறுபடியும் கதவை நெருங்கிவிட்டாள்.

"லெ..."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தாள்.

"லெஃப்ட்." ரொம்ப நாள் திறக்காத குழாய் போலத் தொண்டை இழுத்தது. "கத... கதவு. பின்னால."

துப்பாக்கி இடப்பக்கம் திரும்பியது. கதவுக்குப் பின்னால் நின்றவன் விழுந்தான்.

அறைக்குள் ஒரு தாடிக்காரன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான்.

"இவன் யாருங்க? காட்டிக்கொடுத்தவன்தானே? சுட்டுடறேன்."

"வே... வேணாம்."

"ஏன்?"

"சுடாதே. கதை... இருக்கு."

நாத்தனார் தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தாடிக்காரன் டிவியில் தன் கதையைச் சொன்னான். அவன் சொல்வதற்கு முன்னாலேயே தம்பி ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தான். பாதி வார்த்தை உடைந்தது, பாதி தடம் மாறியது. அவள் ஒன்றையும் திருத்தாமல் "அப்புறம்?" "அய்யோ, அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கதை முடிந்தபோது களைத்துப்போய் நாற்காலியிலேயே தூங்கிவிட்டான்.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு தானே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாள்.

"என்னென்னமோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதே. உனக்கு இந்த ஆட்டம் சுத்தமா வராததும் ஒரு விதத்துல நல்லதாப் போச்சு பாரு."

அவள் சிரித்தாள். டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குள் நுழைந்தாள்.

நுழைந்தவள் நிற்கவில்லை. ஓடினாள், குனிந்தாள், கண் மூடித் திறப்பதற்குள் சுட்டாள். கூரை மேல் ஒருவன், படிக்கட்டில் ஒருவன், தூணுக்குப் பின்னால் ஒருவன் என்று வரிசையாக விழுந்தார்கள். அவள் மேல் ஒரு குண்டுகூடப் படவில்லை.

நாத்தனார் கையிலிருந்த காபி ஆறிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது?"

"மெதுவா அண்ணி, முழிச்சுக்கப் போறார்" என்றாள் அவள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாளைக்கு எந்தெந்த இடத்துல சாகணும்னு பார்த்து வச்சுக்கறேன்."