செங்குளத்தின் மேல் படையெடுக்க ஒரு காரணம்

சோதிடர் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு நாள் எண்ணினார்.

"இது மழை மாசம். தை பொறக்கட்டும், மகாராசா. அப்புறம் படை கிளம்பலாம்."

படைத்தலைவன் தளவாய் எழுந்து வந்தான். அந்தக் கையைப் பிடித்துத் தரையில் அழுத்தினான். கத்தியை ஒரே இறக்கு.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் தனியாகக் கிடந்தன.

"இப்ப எண்ணும்," என்றான்.

சோதிடர் அலறி ஓய்ந்தபின் மிச்ச விரல்களில் எண்ணினார். நாளைக்கே நல்ல நாள் வந்தது.

அட சண்டாளா!

மந்திரியான பிரதானி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படை போகவிருந்த செங்குளத்தில்தான் அவருடைய ஒரே மகள் வெள்ளையம்மாள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தலைப்பிரசவத்துக்கு அவளை இன்னும் அழைத்து வரவில்லை.

போன படையெடுப்பில் தளவாயின் ஆட்கள் செய்ததை அவர் கண்ணால் பார்த்தவர். கிணறு முழுக்கப் பிணம். தொட்டில் பிள்ளையைக்கூட விடவில்லை, பாவிகள்.

நாள் கைவிட்டுப் போய்விட்டது. இனி நியாயம்தான் மிச்சம்.

"நாள் கெடக்கட்டும், மகாராசா. செங்குளத்தான் நமக்கு என்ன கெடுதல் செஞ்சான்? எல்லை தாண்டினானா? மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனானா? காரணம் இல்லாமப் போனா மத்த பாளையக்காரங்க அத்தனை பேரும் அவன் பக்கம் நிப்பாங்க. நம்ம கோட்டை மிஞ்சாது."

ராஜாவின் முகம் வெளிறியது.

பிரதானிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

"எதைத்தான்யா காரணம்னு ஒத்துக்குவாங்க?" என்றார் ராஜா.

அங்கேயே வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மனுஷனுக்கு அந்தப் பழக்கம் இல்லையே. நடக்கவே நடக்காத ஒன்றாகத் தேடிச் சொன்னார்.

"நம்ம ஊர்ப் பொண்ணு ஒருத்திய அவங்க மண்ணுல வச்சுக் கொன்னிருக்கணும். அதுக்கப்புறம் எவனும் குறுக்க வரமாட்டான். அப்படி ஒண்ணும் நடக்கலையே!"



தளவாய் கத்தியை வேட்டியில் துடைத்தான். பிரதானி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். குரலில் அத்தனை பரிவு.

"பாப்பாவைப் பிரசவத்துக்கு அழைக்கணுமே, பிரதானியாரே. நீர் ஏன் அலையணும்? நம்ம ஆளுங்களையே அனுப்புறேன். வீடு எந்தத் தெரு?"

பிரதானி ராஜாவைப் பார்த்தார்.

ராஜா வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.