புதுக் கம்ப்யூட்டர்

"நீங்க செஞ்சு குடுத்த எங்க கடை வெப்சைட்ல லிங்கைத் தட்டினா வெறும் வெள்ளையாத்தான் வருது தம்பி," என்றார் போனில் தையல்கடை அம்மா.

"இங்க எனக்கு நல்லாத்தானே வருது! லிங்க் எல்லாத்தையும் நேத்தே சரி பண்ணிட்டேன். உங்க கம்ப்யூட்டர் அரதப் பழசும்மா. மொதல்ல அத மாத்துங்க!"

போனை வைத்தவன், "உயிர வாங்குறாங்க," என்று மனைவியிடம் எரிந்து விழுந்தான்.

மறுநாள் அவள் தன் போனில் அந்த வெப்சைட்டைத் திறந்து லிங்கைத் தட்டினாள். "எனக்கும் வெள்ளையாத்தாங்க இருக்கு."

பதறிப்போய்ப் பார்த்தான். அவன் எழுதிய லிங்க், பக்கத்தை அவனுடைய கம்ப்யூட்டரிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தது. வேறு யாருக்கும் அது திறக்காது. ஒரே சட்டத்துக்குள் பக்கங்கள் மாறிமாறி வரும், ஃப்ரேம் போட்ட பழைய பாணி வெப்சைட் அது. உள்ளே எந்தப் பக்கம் வந்தாலும் மேலே முகவரி மாறாது. அதனால் அந்தத் தவறு அவன் கண்ணில் படவே இல்லை.

சத்தமில்லாமல் திருத்தி ஏற்றினான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனை எடுப்பதற்குள் அதுவே அடித்தது.

"தம்பி, இப்பப் பளிச்சுனு வருது! நீங்க சொன்ன மாதிரியே புதுக் கம்ப்யூட்டர் வாங்கி இப்பதான் மாட்டினோம். விவரம் தெரியாம உங்ககிட்ட மல்லுக்கட்டிட்டேன். மன்னிச்சுக்கங்க."

மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லம்மா," என்றான்.